கோம்பிக்குப் பூசிய நெயில் பாலிஷ்

பெத்தானி என்ற சிற்றூரில் சபீனா என்று இரண்டு பேர் உண்டு. ஒருத்தி பாட்டுக்காரச் சபீனா. தேவாலயத்தில் முதல் வரிசையில் நின்று பாடுவாள், ஸ்டெஃபானுஸ் வீட்டு மருமகள். இன்னொருத்தி கோம்பி சபீனா. இது இரண்டாமவள் கதை.

கோம்பி சபீனா பிறந்தது கோசிஸ் கிராமத்தில். அப்பா யோனாஸ் ஃப்ரெடரிக்ஸ் அடுத்தவன் பண்ணையில் கரகுல் ஆடு மேய்த்தே நரைத்தவர். அம்மா எலிசபெத், கிபியோன் ஊர் ஐசாக் குடும்பத்துப் பெண். அந்த ஐசாக்குகளில் பாதிப்பேருக்கு உயரம், பாதிப்பேருக்கு வாய். சபீனாவுக்கு இரண்டும் வாய்த்தன. கல்யாணத்துக்கு முன்பே பள்ளி விடுதிச் சமையலறையில் கஞ்சி கிண்டப் போனவள், தலை நரைக்கும் வரை கிண்டினாள். சின்ன வயதில் அவள் கரண்டியில் அடி வாங்காத அதிகாரி தெற்கு நாட்டில் இல்லை என்று ஊரில் சொல்வார்கள். அது கொஞ்சம் மிகைதான். ஆனால் சாலைத் தடுப்பில் நிற்கும் போலீஸ்காரர்கள் அவளைப் பார்த்ததும் தொப்பியைச் சரிசெய்துகொள்வதை நாலு பேர் பார்த்திருக்கிறார்கள்.

புருஷன் அல்பெர்ட்டஸ் பூய்ஸ் கோம்பி என்கிற வாடகை வேன் ஓட்டினான். வெள்ளைக் கோம்பி, பதினான்கு பேர் உட்காரலாம், நெருக்கினால் எத்தனை பேர் என்பது போலீஸ் நிற்கும் இடத்தைப் பொறுத்தது. அவன்தான் வறண்ட ஆற்று மணலில் அவளுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தான். கற்றுக்கொடுத்ததைவிடச் சிரித்ததுதான் அதிகம். ஒரு நாள் காலையில் காப்பிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே போய்ச் சேர்ந்தான், நல்ல மனிதன்.

அடக்கம் முடிந்து சொந்தக்காரர்கள் கறியும் ரொட்டியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதே அவன் தங்கை நெல்லா பேச்சை எடுத்தாள்.

"வண்டிய வித்துடுங்க அண்ணி. சரளை ரோட்ல பொம்பளை கோம்பி ஓட்டினா ஊரே ரோட்டோரத்துல நின்னு வேடிக்கை பாக்கும்."

"நிக்கட்டும்" என்றாள் சபீனா. "நின்னா ஏத்திக்கிட்டுப் போறேன்."

அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் இடையில் ஒரு வேலி. வேலி என்றாலும் வாசல் இல்லாத வேலி இல்லை. நெல்லா வாரத்தில் பாதி நாள் அந்த வண்டியில்தான் இருப்பாள். முன்சீட்டில்தான் உட்காருவாள். கட்டணம் கேட்டால், "எங்கண்ணன் வண்டி" என்பாள். வீட்டு முன்னறையில் பெண்களுக்குத் தலை பின்னி, நகத்துக்குச் சாயம் பூசிப் பிழைப்பவள் அவள். அதனால் கையில் எப்போதும் ஒரு பை. பைக்குள் சீப்பு, பஞ்சு, புட்டி, ஊசி. மடியில் எப்போதும் யாருக்காவது கொண்டுபோகும் ஒரு சட்டி.

சபீனாவுக்கு வண்டியால் வந்த பெரிய வேலை விடுதிப் பிள்ளைகள். பள்ளி மூடினால் அவர்களை வீட்டில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். பக்கத்துப் பண்ணைகளுக்குச் சிமியோன் என்பவன் தன் பிக்கப்பின் பின்தட்டில் பிள்ளைகளை ஆட்டுக்குட்டிபோல ஏற்றிக்கொண்டு போவான். டீராஸ் மலைப்பக்கம் போகும் நீண்ட சரளைச் சாலைக்கு அவன் வரமாட்டான். "அந்த ரோடு டயரத் தின்னும், கண்ணாடியத் தின்னும், கடைசியில என்னையும் தின்னும்" என்பான். அந்தச் சாலையில் கடைசிப் பண்ணையின் வேலைக்காரி எமெல்டாவின் மகள் மார்லின் உட்பட ஏழெட்டுப் பிள்ளைகள் சபீனாவை நம்பித்தான் விடுதியில் இருந்தார்கள்.

ஒரு கிறிஸ்துமஸுக்கு கோம்பியின் கியர்ப்பெட்டி உடைந்து கிடந்தது. மற்றப் பிள்ளைகளுக்கு எப்படியோ வண்டி கிடைத்தது. மார்லினுக்கு மட்டும் கிடைக்கவில்லை. சபீனா தன் வீட்டிலேயே அவளை வைத்துக்கொண்டாள். நன்றாகத்தான் சமைத்துப் போட்டாள். அந்தப் பிள்ளை அழவில்லை, அடம்பிடிக்கவில்லை. ஆனால் கதவு சத்தம் கேட்டால் போதும், எங்கே படுத்திருந்தாலும் எழுந்து உட்கார்ந்துவிடும். விடுமுறை முழுவதும் அப்படியே எழுந்து எழுந்து உட்கார்ந்தது. சபீனா அதை மறக்கவில்லை. இனி ஒரு விடுமுறைக்கும் அந்தப் பிள்ளை கதவைப் பார்த்துக்கொண்டு உட்காரக் கூடாது என்று மனசுக்குள் முடிச்சுப் போட்டு வைத்தாள்.

வண்டிக்கு இன்சூரன்ஸ் எடுத்ததும் அந்தக் கியர்ப்பெட்டிச் சூட்டில்தான். கடைத் தாழ்வாரத்தில் கழுத்துப்பட்டை கட்டிய ஒரு இளைஞன் மேசை போட்டு உட்கார்ந்திருந்தான். சபீனா ஒன்றுதான் கேட்டாள்.

"கியர்ப்பெட்டிக்குக் கிடையாதுன்னு சொல்லிட்ட. சரி. கண்ணாடியில கல்லு பட்டா?"

"சின்னத் தெறிப்புதானே அத்தை? காசே வேண்டாம். வண்டியக் கொண்டாங்க, அடைச்சுக் குடுக்கறோம், போய்ட்டே இருங்க."

அவன் சொன்னது பொய் இல்லை. பாதி. மறுபாதியை அவன் சொல்லவும் இல்லை, இவள் கேட்கவும் இல்லை. மாதாமாதம் வங்கியிலேயே பிடித்துக்கொண்டார்கள். "வராத நோய்க்கு மருந்து வாங்கி அலமாரியில அடுக்கறீங்க" என்று நெல்லா குத்திக்காட்டுவாள். சபீனா கேட்டுக்கொள்வாள். மருந்து அலமாரியில் இருக்கிறது என்ற நினைப்பே அவளுக்குத் தெம்பாக இருந்தது.

சரளைச் சாலையில் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எதிரே லாரி வந்தால் முன்சீட்டில் இருப்பவர்கள் உள்ளங்கையை முன்கண்ணாடியில் பதித்து அழுத்த வேண்டும். கை அழுத்தியிருக்கும் கண்ணாடி கல் பட்டாலும் உடையாது என்பது நம்பிக்கை. சபீனாவின் வண்டியில் "கை!" என்று அவள் ஒரு சத்தம் போட்டால் முன்னால் இருப்பவர்கள் கண்ணாடியில் ஒட்டிக்கொள்வார்கள், பின்னால் இருக்கும் பிள்ளைகள் ஆசைக்குப் பக்கக் கண்ணாடியை அழுத்துவார்கள்.

மழை முடிந்து சாலை காய்ந்திருந்த ஒரு பிற்பகல். எதிரே ஆடு ஏற்றிய இரண்டடுக்கு லாரி. "கை!" என்றாள் சபீனா. அவளுடைய இடக்கை கண்ணாடிக்குப் போனது. நெல்லாவின் இரண்டு கையும் மடியில் இருந்த ஆட்டுக்குடல் சட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தன. குழம்பு தளும்பும் நேரத்தில் கண்ணாடியை யார் பார்ப்பார்கள்? டப் என்று ஒரு சத்தம். புழுதி அடங்கியதும் பார்த்தால், ஓட்டுகிறவள் கண்ணுக்கு நேரே, சற்றே இடப்பக்கம், ஆட்டு உண்ணி அளவுக்கு ஒரு புள்ளி. அதிலிருந்து கால்போல நீண்ட மூன்று மயிரிழை விரிசல்.

"உன் கை எங்கடி இருந்துச்சு?"

"குடல் சட்டியில."

"குடல் கொட்டினா கழுவிக்கலாம். கண்ணாடியக் கழுவ முடியுமா?"

"நீங்க லாரிக்காரனத் திட்டாம என் கையத் திட்டுங்க. எங்கண்ணன் ஓட்டினப்ப கல்லே வரல."

"உங்கண்ணன் ஓட்டினப்ப நீ பின்சீட்டுல இருந்த."

மறுநாள் காலையில் சபீனா எழுந்து வந்து பார்த்தால் நெல்லா வண்டிமேல் குனிந்து நிற்கிறாள். சொல்லாமல் கொள்ளாமல் தெறிப்பின்மேல் நெயில் பாலிஷ் பூசிக்கொண்டிருந்தாள். பெத்தானியில் எல்லோரும் செய்கிற வைத்தியம்தான் அது. விரிசல் ஓடாமல் பிடித்துக்கொள்ளும் என்பார்கள். நிறமில்லாத புட்டி தீர்ந்துபோயிருந்ததால் மினுமினுப்புத் தூள் போட்ட இளஞ்சிவப்பை எடுத்திருந்தாள். மன்னிப்புக் கேட்பது அந்தக் குடும்பத்தில் யாருக்கும் வராது, அல்பெர்ட்டஸுக்கும் வந்ததில்லை. பூய்ஸ் வீட்டார் தப்புச் செய்தால் வாயால் ஒன்றும் சொல்லாமல் கையால் எதையாவது செய்வார்கள். சபீனாவுக்கு அது தெரியும். அதனால் காப்பி போட்டு ஒரு கோப்பையை வெளியே கொண்டுவந்து வைத்தாள். பாலிஷும் காய்ந்தது. விரிசலும் ஓடவில்லை. டவுனுக்கு, கீட்மன்ஸ்ஹூப்புக்கு, போகும்போது அடைத்துக்கொள்ளலாம், காசா பணமா என்று விட்டுவிட்டாள்.

விடுமுறை நெருங்கியபோது விடுதிக் கண்காணிப்பாளர் கூப்பர் வாத்தியார் கூப்பிட்டு அனுப்பினார்.

"சபீனா, இந்தத் தடவை மேலிடத்துல கண்டிப்பு. தகுதிச் சீட்டு இல்லாத வண்டியில ஒரு பிள்ளையையும் ஏத்தக் கூடாதாம். உன் சீட்டு காலாவதி ஆகப்போவுது."

"வியாழக்கிழமை டவுனுக்குப் போறேன் வாத்தியாரே. விரிசலோட போனா சீட்டுத் தரமாட்டான். காலையில கண்ணாடி, மதியம் சோதனை. வெள்ளிக்கிழமை பிள்ளைங்கள ஏத்தறேன்."

"வெள்ளிக்கிழமை மதியம் விடுதியப் பூட்டிருவேன். சீட்டு வரலன்னா டீராஸ் ரோட்டுப் பிள்ளைங்கள ஊருக்குள்ள வீடு வீடாப் பிரிச்சு விடவேண்டியதுதான்."

வெளியே வரும்போது நடையில் மார்லின் நின்றுகொண்டிருந்தாள். பெட்டியை ஏற்கெனவே கட்டி வைத்துவிட்டதாக மட்டும் சொன்னாள்.

வியாழக்கிழமை காலை கீட்மன்ஸ்ஹூப்பில் கண்ணாடிக் கடை திறக்கும்போதே சபீனாவின் கோம்பி வாசலில் நின்றது. நெல்லாவும் கூடவே வந்திருந்தாள். சீனாக்காரன் கடையில் பின்னல்முடி வாங்க வேண்டுமாம். கடைக்காரன் ஹஃபெனி வடக்கிலிருந்து வந்து தங்கியவன், அமைதியான ஆள், பெண்களை அவன் ஊர் வழக்கப்படி 'மேமே', அதாவது அம்மா, என்றுதான் கூப்பிடுவான். வண்டியைச் சுற்றி வந்து குனிந்து பார்த்தான். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"மேமே, இது என்ன, கல்யாணத்துக்குப் போற கண்ணாடியா?"

"விரிசல் ஓடாம இருக்கப் பூசினது தம்பி. நீ அடைச்சுக் குடு. நான் சோதனைக்குப் போகணும்."

அவன் சிரிப்பை நிறுத்தினான். "அடைக்க முடியாது மேமே. பசை உள்ள இறங்கணும்னா பொத்தல் சுத்தமா இருக்கணும். இந்தச் சாயம் விரிசல் கால் வரைக்கும் இறங்கி இறுகியிருக்கு. இதுக்குப் புதுக் கண்ணாடிதான்."

"சரி, புதுசு போடு. இன்சூரன்ஸ்ல இருக்கு."

"புதுசுன்னா நீங்க எக்ஸஸ் கட்டணும்."

"அது என்னது?"

"முன்பங்கு. செலவுல மொதத் துண்டு உங்களோடது. அதுக்கு மேல ஆவறதுதான் கம்பெனி."

"தெறிப்புக்குக் காசே வேண்டாம்னு சொன்னானே அந்தக் கழுத்துப்பட்டை!"

"தெறிப்ப அடைக்கக் காசு வேண்டாம். கண்ணாடிய மாத்தக் காசு வேணும். நாங்க ரெண்டையும் தனித்தனியாத்தான் எழுதுவோம்."

எவ்வளவு என்று கேட்டாள். சொன்னான். கோசிஸில் தம்பியிடம் விட்டிருக்கும் ஆடுகளில் நாலைந்தாவது போகும். சபீனா நேராகக் கம்பெனிக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி வண்டியின் மூக்கில் வைத்தாள். ஒரு பெண் குரல், பாடம் ஒப்பிப்பதுபோல் ஆரம்பித்தது.

"மேடம், கண்ணாடி மாற்றத்துக்கு முன்பங்கு உண்டு. உங்க வண்டி பயணிகள் வண்டிங்கறதால அது வழக்கத்தவிட ஒன்றரை மடங்கு."

"ஒன்றரையா! மாசாமாசம் என்னைக் கேக்காமப் புடிக்கறீங்களே, அப்ப ஒரு மடங்குதானே புடிக்கறீங்க?"

"இல்ல மேடம், அதுவும் ஒன்றரைதான்."

நெல்லா வாயைப் பொத்திக்கொண்டாள். சபீனா ஒரு மூச்சு விட்டுவிட்டு, அந்த ஊரில் எல்லோரும் கேட்கிற கேள்வியைக் கேட்டாள்.

"நீ யாரு மக?"

"மேடம், இந்தப் பேச்சு பதிவாகுது."

"நல்லாப் பதியட்டும். நீ யாரு மக? குரல் கிபியோன் குரலா இருக்கே."

குரல் தாழ்ந்தது. "எங்கம்மா ரெபெக்கா. பாட்டி மார்த்தா ஐசாக்."

"மண்டபத்துக்குப் பின்னாடி வீடு, ஒரு கண்ணு கொஞ்சம் சின்னது, அந்த மார்த்தாவா? அடி, எங்கம்மாவும் அவளும் அண்ணன் தம்பி புள்ளைங்கடி! உங்கம்மா எனக்குத் தங்கச்சி முறை."

"அப்போ… நீங்க எனக்குப் பெரியம்மாவா?"

"பெரியம்மாதான். இப்ப சொல்லு, ஒன்றரை மடங்கா?"

"முறை மாறினாலும் கணக்கு மாறாது பெரியம்மா" என்றாள் அந்தப் பெண் பாவமாக. ஆனால் ஒப்பிப்பது நின்று, பேச்சு வந்தது. "நான் ஒண்ணு சொல்றேன். கண்ணாடி எப்படி இருக்குன்னு நாங்க யாரும் வந்து பாக்கறதில்ல. கடைக்காரரால என்ன செய்ய முடிஞ்சுதுங்கறதுதான் எங்களுக்குக் கணக்கு. அடைச்சது நின்னா அது ரிப்பேர், முன்பங்கு கிடையாது. நிக்கலன்னாத்தான் மாற்றம். அவரால முடியுமான்னு இன்னொரு தடவ கேளுங்க. அப்புறம், புதுக் கண்ணாடி விண்ட்ஹூக்ல இருந்துதான் வரணும். திங்கள், செவ்வாய் ஆயிடும்."

போனை அணைத்தபிறகு சபீனா ஆடுகளை மறந்துவிட்டாள். ஆட்டை விற்கலாம், கடன் வாங்கலாம். செவ்வாய்க்கிழமையை வெள்ளிக்கிழமை ஆக்க முடியாது. கடை வாசல் திட்டில் போய் உட்கார்ந்தாள். நெல்லா எதிர்க்கடையிலிருந்து கறி அடைத்த வெட்குக் என்ற எண்ணெய் ரொட்டி இரண்டு வாங்கிவந்து ஒன்றை நீட்டினாள். சபீனா வாங்கிக் கையிலேயே வைத்திருந்தாள்.

"வீடு வீடாப் பிரிச்சு விடுவேங்கறாரு" என்றாள் யாரிடமோ சொல்வதுபோல. "அது மறுபடியும் என் வீட்டுக்குத்தான் வரும். கதவப் பாத்துக்கிட்டு உக்காரும்."

நெல்லா தன் வெட்குக்கைக் காகிதத்தில் சுற்றி வைத்தாள், கையைப் பாவாடையில் துடைத்தாள், பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். சபீனா பின்னாலேயே எழுந்து போனாள்.

"அண்ணே" என்றாள் நெல்லா ஹஃபெனியிடம். "கல்யாணப் பொண்ணு நகம் பூசி முடிச்சப்புறம் இந்த நெறம் வேண்டாம்னு சொல்லுவா. அப்ப நான் பொண்ணையா மாத்தறேன்? சாயத்தத்தான் எடுக்கறேன்." பைக்குள்ளிருந்து ஒரு புட்டியை எடுத்து மேசையில் வைத்தாள். நகச்சாயம் அழிக்கும் தண்ணீர். மூக்கைப் பிடுங்கும் வாசனை.

"நகத்துல மேலாகத் துடைச்சிடலாம் மேமே. இது உள்ள விரிசல்ல இருக்கு."

"நகக்கண்ணுக்குள்ள போன சாயத்தயும் எடுத்திருக்கேன்."

"எடுக்கும்போது அழுத்தம் பட்டு விரிசல் நீண்டா? இன்னைக்கு ஊருக்குத் திரும்பவாவது இந்தக் கண்ணாடி உதவும். நீண்டுட்டா அதுவும் இல்ல. அப்புறம் எம்மேல சொல்லக் கூடாது." அவன் சபீனாவைப் பார்த்தான். "வண்டி உங்களோடது. நீங்க சொல்லுங்க."

சபீனா நாத்தனாரைப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் நெல்லா அந்த வண்டியை எங்கண்ணன் வண்டி என்று சொல்லாமல் ஒரு பேச்சு முடித்ததில்லை. இப்போது 'உங்களோடது' என்று கடைக்காரன் சொன்னபோது அவள் மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. புட்டியின் மூடியில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"செய்" என்றாள் சபீனா.

நெல்லா ஒரு பெட்டியைப் போட்டு ஏறி, கண்ணாடிமேல் குனிந்தாள். ஊசி முனையில் பஞ்சைத் திரியாகத் திரித்து, புட்டியில் தொட்டு, பொத்தலின் வாயில் வைத்தாள். தேய்க்கவில்லை. வைத்துவிட்டுக் காத்திருந்தாள், குழந்தை காலில் முள் எடுப்பவள்போல. திரி இளஞ்சிவப்பாக ஊறி வந்தது. எறிந்துவிட்டு அடுத்தது. ஊரில் அவள் தலை பின்னும்போது வாய் ஓயாது. யார் யாரோடு போனாள், எந்த வீட்டு மருமகள் எந்தச் சட்டியை உடைத்தாள் என்று எல்லாம் அந்த முன்னறையில்தான் தெரியவரும். அன்றைக்கு அவள் வாயில் ஒரு சொல் இல்லை. சபீனாவுக்கு அதுவே பயமாக இருந்தது.

வெயில் ஏறியது. கண்ணாடி சூடாகிவிடக் கூடாது என்று ஹஃபெனி ஒரு அட்டையைக் கொண்டுவந்து நிழல் பிடித்தான். முதலில் தூரத்திலிருந்து பிடித்தான். பிறகு பக்கத்தில் வந்தான். பிறகு, "அந்த மூலையில கொஞ்சம் இருக்கு, அங்க வைங்க" என்று சொல்ல ஆரம்பித்தான். திரிகள் சிவப்பிலிருந்து வெளுத்துக்கொண்டே வந்தன.

டிக் என்று ஒரு சின்னச் சத்தம்.

மூன்று பேரும் உறைந்தார்கள். விரிசலின் ஒரு கால், அரிசி நீளம்கூட இருக்காது, நீண்டிருந்தது. நெல்லா கையை எடுத்துவிட்டாள். அவள் கண்கள் நிறைந்துவிட்டன.

"அண்ணி, போதும். எனக்கு வேண்டாம். நான் தொட்டாலே…"

"நீ தொடலன்னா அந்தப் புள்ளை போய்ச் சேராது" என்றாள் சபீனா. "அல்பெர்ட்டஸ் இருந்தா உன்னைத்தான் பூசச் சொல்லியிருப்பான், உன்னைத்தான் எடுக்கச் சொல்லியிருப்பான். நான் இங்கேயே நிக்கறேன். வை."

நெல்லா மூக்கைத் தோளில் துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்தாள். கடைசித் திரி வெள்ளையாகவே வந்தபோது ஹஃபெனி அவளை மெல்ல விலக்கினான். பொத்தல்மேல் ஒரு சின்னக் குப்பியைப் பொருத்தி உள்ளிருந்த காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சினான். பிறகு பசையைச் சொட்டுச் சொட்டாக இறக்கினான். விரிசல் கால்கள் ஒவ்வொன்றாக, ஈரமண்ணில் தண்ணீர் மறைவதுபோல, மறைந்தன. நீல விளக்கைக் காட்டி இறுக வைத்தான். கடைசியில் உப்புக்கல் அளவுக்கு ஒரு மங்கல் மட்டும் மிஞ்சியது.

"நின்னுடுச்சு" என்றான். "ரிப்பேர்னு எழுதறேன்."

நெல்லா பெட்டியிலேயே உட்கார்ந்து, சுற்றி வைத்த வெட்குக்கைப் பிரித்துத் தின்ன ஆரம்பித்தாள். வாய் திரும்பிவிட்டது.

"இதெல்லாம் அண்ணி கை வைக்கச் சொல்லி நான் வைக்காததால வந்தது அண்ணே. கை வைச்சிருந்தா கல்லு ஒண்ணும் செஞ்சிருக்காது."

"கை வைச்சாலும் அப்படியேதான் ஆகியிருக்கும்" என்றான் ஹஃபெனி. "அது சும்மா நம்பிக்கை. கல்லு பட்டா சாயமும் பூசாதீங்க, பற்பசையும் அப்பாதீங்க. தெளிவான டேப் ஒரு துண்டு ஒட்டிக்கிட்டு நேரா எங்கிட்ட வாங்க."

"கேட்டீங்களா அண்ணி? சும்மாவாம்! என் கைமேல தப்பில்ல."

"சாயம் பூசினதும் அதே கைதான்."

"எடுத்ததும் அதே கைதான்" என்றாள் நெல்லா. சபீனா ஹஃபெனியிடம் அந்த டேப்பில் ஒரு சுருளை விலைக்கு வாங்கி வண்டிப் பெட்டிக்குள் போட்டாள்.

சோதனை மைதானத்தில் இருந்த அதிகாரி அவளுடைய பழைய விடுதிப் பையன் இல்லை, யாரோ புது ஆள். அதனால் எல்லாவற்றையும் ஒழுங்காகப் பார்த்தார். பிரேக், விளக்கு, டயர். கண்ணாடியின் மங்கலில் விரலை வைத்துத் தடவினார். குனிந்து பார்த்தார், நிமிர்ந்து பார்த்தார். நெல்லா முன்சீட்டில் உட்கார்ந்து ஜெபம் செய்தாள், உதடு அசைவது வெளியே தெரியும்படி. "விரிசல் ஓடறதுக்குள்ள அடைச்சது நல்லதாப் போச்சு, நல்ல வேலை" என்று சொல்லிவிட்டு அதிகாரி அடுத்த சக்கரத்துக்குப் போனார். சீட்டுக் கையில் வந்தபோது ஆபீஸ் மூடும் நேரம்.

வெள்ளிக்கிழமை கூப்பர் வாத்தியார் சீட்டைக் கண்ணருகே வைத்துப் படித்தார். மார்லினின் பெட்டி அவர் படித்து முடிக்கும் முன்பே வண்டியில் ஏறிவிட்டது.

டீராஸ் சாலையில் ஒவ்வொரு பண்ணை வாசலிலும் ஒரு பிள்ளை இறங்கியது. பாட்டும் சத்தமுமாக இருந்த வண்டி கொஞ்சம் கொஞ்சமாக அமைதியானது. கடைசியில் மார்லின் மட்டும், சபீனாவுக்கும் நெல்லாவுக்கும் நடுவில். நெல்லாவின் மடியில் எமெல்டாவுக்காக ஒரு சட்டி. தூரத்தில் புழுதி எழுந்தது. ஆட்டு லாரி.

"கை!" என்று கத்தியது மார்லின்தான்.

சபீனாவின் கை போனது. பிள்ளையின் இரண்டு கைகளும் போயின. நெல்லா தயங்கினாள்.

"கண்ணாடிக்காரன் சும்மான்னு சொன்னானே."

"அவன் வடக்கத்தி ஆளு. அங்க மணல் ரோடு. கல்லப் பத்தி அவனுக்கு என்ன தெரியும்?"

நெல்லா சட்டியைக் காலடியில் இறக்கி, இரண்டு முழங்காலாலும் அணைத்துக்கொண்டு, இரண்டு உள்ளங்கையையும் கண்ணாடியில் பதித்தாள். பத்து நகமும் இளஞ்சிவப்பில் மினுங்கின. லாரி கல்லையும் புழுதியையும் வாரி இறைத்துக்கொண்டு கடந்தது. எல்லோரும் மூச்சை விட்டார்கள். குழம்பு கொஞ்சம் நெல்லாவின் செருப்பில் கொட்டியிருந்தது. அவள் செருப்பை உதறிவிட்டுச் சட்டியை மடிக்கு ஏற்றினாள்.

கடைசிப் பண்ணையின் வாசலில் எமெல்டா சின்னதாக ஒரு தீ மூட்டி அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்தே இருந்திருப்பாள்போல, சாம்பல் நிறையக் கிடந்தது. வண்டி நிற்கும் முன்பே மார்லின் குதித்து ஓடினாள். தாய் அவளைத் தூக்க முயன்றாள். பிள்ளை வளர்ந்துவிட்டது, இரண்டு பேரும் மண்ணில் உட்கார்ந்துவிட்டார்கள்.

எமெல்டா புழுதியைத் தட்டிக்கொண்டு எழுந்து வந்தாள். நன்றி கின்றி ஒன்றும் இல்லை. "ஏன் இவ்வளவு நேரம்? காப்பி ரெண்டு தடவ ஆறிப்போச்சு" என்றாள். பிறகு வண்டியைச் சுற்றி வந்தவள் முன்கண்ணாடியைப் பார்த்து நின்றாள்.

"இதென்ன, பூச்சி ஒட்டிக்கிட்டிருக்கு?"

சொல்லிக்கொண்டே சுண்டிவிட நகத்தை நீட்டினாள்.

"தொடாதே!" என்று சபீனாவும் நெல்லாவும் ஒரே குரலில் கத்தினார்கள்.